கரையை உயர்த்தினால் வெள்ளம் அடங்குமா?

பெங்களூரின் ஈஜிபுராவில் ராஜகாலுவையை ஒட்டிய சந்துகளில் கீழ்த்தள வீடுகளில் குடியிருப்போர் பலர், வாசற்படிக்குக் குறுக்கே முழங்காலுயரத்தில் ஒரு சிறு சுவரை எழுப்பி, விருந்தினர் முதல் எரிவாயு உருளை வரை எல்லாவற்றையும் அதன்மேல் தாண்டியே உள்ளே கொண்டுபோகப் பழகியிருக்கிறார்கள். கோரமங்கலப் பள்ளத்தாக்கின் மழைநீரைப் பெல்லந்தூர் ஏரிக்குக் கொண்டுசெல்லும் அந்தப் பெருவடிகாலுக்கு இருமருங்கிலும் கருங்கல்லாலும் கான்கிரீட்டாலும் உயர்ந்த சுவர்கள் உண்டு. எனினும் பெருமழை பெய்யும் இரவுகளில், காலுவையின் நீர் சுவரின் விளிம்பைத் தொட இன்னும் இரண்டடி இருக்கும்போதே, சந்தின் சாக்கடையும் வீட்டுக் குளியலறையின் நீர்ப்போக்கியும் தலைகீழாகப் பொங்கத் தொடங்கிவிடுகின்றன. “சுவரைத்தான் இவ்வளவு ஏத்திக் கட்டிட்டாங்களே சார், அப்புறமும் தண்ணி எந்த வழியா உள்ளே வருது?” என்று இங்கே தமிழ் பேசும் கடைக்காரர்கள் கேட்பது, கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், ஜலசாஸ்திரத்தில் நன்கு தேர்ந்தவர்களும் நின்று யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியேயாகும்.

அதன் முதற்பகுதிக்கு விடை சுலபம். சந்தின் சாக்கடை காலுவையில் போய் விழுகிறது. காலுவையின் நீர்மட்டம் சந்தைவிடத் தாழ்ந்திருக்கும் வரையில் சாக்கடை நீர் அதில் இறங்கும். மட்டம் சந்தைவிட உயர்ந்துவிட்டால், அதே வாய் வழியாகக் காலுவையின் நீர் சந்துக்குள் ஏறும். சுவரை உயர்த்தியதால் காலுவை முன்னைவிட அதிக நீரை, முன்னைவிட உயர்ந்த மட்டத்தில் சுமக்கிறது. ஆகவே பின்னோக்கி வரும் நீரின் வேகமும் முன்னைவிட அதிகமாகிறது. ஒவ்வொரு சிறுவாய்க்கும் உள்ளிருந்து வெளியே மட்டும் திறக்கும் ஒருவழிக் கதவை வைத்தால் இதைத் தடுக்கலாம். ஆனால் அந்தக் கதவு மூடியிருக்கும் நேரத்தில் சந்தில் பெய்யும் மழைக்குப் போக்கிடம் ஏது? அதை இறைத்து ஊற்ற ஒரு பம்பும் வேண்டும். ஆகச் சுவரின் உயரத்தைக் கூட்டுவது என்பது, கதவையும் பம்பையும் அவற்றை நள்ளிரவில் இயக்கும் ஓர் ஆளையும் சேர்த்து யோசிக்க வேண்டிய காரியமாகிவிடுகிறது.

அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கும் இரண்டாம் பகுதி கடினமானது. ஒரு கரையைச் சீர்ப்படுத்துவதற்கு முன்னும் பின்னும், அதனால் உண்டாகும் பாதுகாப்பு இவ்வளவு என்று எப்படி மதிப்பிடுவது? இதைக் காலுவையின் அளவில் விளக்குவதைவிட, வெள்ளத்தைச் சுமப்பதையே பிரதான வேலையாகக் கொண்ட ஒரு பேராற்றின் அளவில் விளக்குவது உசிதம். அந்த ஆறு ஈஜிபுராவுக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. இங்கே குழாயில் வருவது நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி. பயன்படுத்தியபின் அது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையாற்றில் சேர்ந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூரை அடைகிறது. காவிரியைக் குடித்துப் பெண்ணையாற்றில் விடும் இந்த ஊர்வாசிகள், காவிரியின் வெள்ளம் கீழே என்னவாகிறது என்பதை அறிந்துகொள்வதில் தவறில்லை.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரோடேயே சென்று தஞ்சைச் சீமையின் வயல்களுக்குள் பலவாகக் கிளைக்கிறது. வடகிளையான கொள்ளிடம், இடையே ஸ்ரீரங்கத் தீவை வளைத்துக்கொண்டு, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஓடிப் பழையாற்றுக்கு அருகே கடலில் கலக்கிறது. இவ்விரண்டில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவு அதிகமுள்ளது, போக்கும் நேரானது. ஆகவே மனித யத்தனம் இல்லாவிடில் ஆறு மெல்ல மெல்ல வடக்கே சாய்ந்து, தெற்கே பாசனத்துக்கு நீரில்லாமற் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய நிலையே நேர்ந்தது. அதை மாற்றவே 1836இல் பொறியியலார் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், வெகுதூரம் கீழே அணைக்கரையில் கீழணையையும் நிர்மாணித்தார். மேலணை தன் காரியத்தை அளவுக்கு மீறியே செய்தது. காவிரியில் நீர் அதிகமாய்ப் பாய்ந்து அதன் படுகையை அரிக்கவே, 1845இல் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பைக் கட்டி அதன் அடிமட்டத்தை நிலைநிறுத்த வேண்டியதாயிற்று. ஆற்றின் ஒரு பக்கத்தைத் தொட்டால் மறுபக்கம் பதில் சொல்லும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சியம் நமக்கு வேண்டியதில்லை.

அன்றுமுதல் ஏற்பாடு இதுதான்: டெல்டாவின் வாய்க்கால்கள் தாங்கக்கூடிய நீரைக் காவிரி எடுத்துக்கொள்ளும், அதற்கு மேற்பட்டதெல்லாம் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும், தப்பிவந்த மிகுதியும் கல்லணையில் உள்ளாறு வழியாக மறுபடி கொள்ளிடத்துக்கே தள்ளப்படும். பொறியியலார் இத்தகைய வழியை வெள்ளப் புறவழி என்று கூறலாம். அமெரிக்காவில் சாக்ரமெண்டோ நகரைக் காப்பதற்கென்று யோலோ என்ற புறவழியை இருபதாம் நூற்றாண்டில் வகுத்தார்கள். ஆற்றின் நீர் ஓர் அளவுக்கு மேல் உயர்ந்தால், 1916இல் முடிந்த சாக்ரமெண்டோ கலிங்கின் 48 கதவுகள் திறக்கப்பட்டும், 1924இல் முடிந்த ஃபிரிமாண்ட் கலிங்கின்மேல் நீர் தானே வழிந்தும், சில இடங்களில் மூன்று மைல் அகலமுள்ள தாழ்நிலத்தில் பாய்ந்து நகரைச் சுற்றிக்கொண்டு போகிறது. கோடையில் அந்நிலத்தில் நெல் விளைகிறது. அவர்கள் வெட்டியும் கரையிட்டும் சம்பாதித்துக்கொண்ட புறவழி நமக்கு இயற்கையாகவே அமைந்திருந்தது. ஆனால் இரண்டையும் புறவழியாக நிலைநிறுத்துவது இருமருங்கிலும் உள்ள மண்கரைகளே.

இனி, கொள்ளிடக் கரையின் ஒரு பகுதியை ஒரு மீட்டர் உயர்த்த உத்தேசித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் அறிய வேண்டியது, எவ்வளவு நீர் வந்தால் அது எவ்வளவு உயரத்துக்கு எழும்பும் என்பதாகும்.

ஆற்றில் ஓடும் நீரை நேராக அளக்க எந்தக் கருவியும் கிடையாது. முசிறி போன்ற இடங்களில் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையங்களில் ஆற்றின் அகலத்தைப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஆழத்தைக் கண்டு, சிறுசிறு கிண்ணங்கள் சுழலும் ஒரு வேகமானியை நீருக்குள் இறக்குகிறார்கள். மேல்மட்டத்திலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் காணும் வேகம், அந்தப் பட்டையின் சராசரி வேகத்துக்கு மிக நெருங்கியிருக்கும் என்பது அனுபவத்தால் நிலைநாட்டப்பட்ட உண்மை. வேகத்தைப் பரப்பால் பெருக்கி, எல்லாப் பட்டைகளையும் கூட்டினால், நொடிக்கு இத்தனை கன அடி என்று கணக்கு வந்துவிடும். அதே நேரத்தில் கரையோரத்து அளவுகம்பத்தில் நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். இப்படி வெவ்வேறு நாட்களில் எடுத்த இணைகளைப் புள்ளிகளாக வைத்து வரைந்தால் கிடைப்பது நீர்மட்ட நீரோட்டக் கோடு. அந்தக் கோடு கைக்கு வந்தபின், ஒவ்வொரு நாளும் வேகமானியை இறக்க வேண்டியதில்லை. கம்பத்தைப் பார்த்தே நீரின் அளவைச் சொல்லிவிடலாம். செய்தித்தாளில் நாம் படிக்கும் கன அடிக் கணக்குகளில் பெரும்பாலானவை இவ்வாறு மட்டத்திலிருந்து அனுமானிக்கப்பட்டவையே.

இதில் இரண்டு இடறல்கள் உண்டு. பெருவெள்ளத்தின் உச்சத்தில் படகை இறக்கி அளந்தவர் அபூர்வம்; ஆகவே கோட்டின் மேல்நுனி, அதாவது கரைகட்டுகிறவனுக்கு மிகவும் அவசியமான பகுதி, அளவையால் அல்லாமல் நீட்டி வரைந்ததால் கிடைத்தது. வெள்ளம் வடிந்தபின் சுவர்களிலும் மரங்களிலும் படிந்த சேற்றுக்கோடுகளை மட்டமானியால் அளந்து, அவற்றின் சரிவிலிருந்து உச்ச வேகத்தைக் கணித்து அந்த நுனியைச் சரிபார்ப்பதுண்டு. இரண்டாவது இடறல், கொள்ளிடத்தின் அடி மணலாயிருப்பது. வெள்ளம் வரும்போது மணல் பெயர்ந்து ஆறு ஆழமாகிறது. வடியும்போது வேறு வடிவில் படிகிறது. சென்ற ஆண்டு மெய்யாயிருந்த கோடு இந்த ஆண்டு ஓரடி பொய்யாகிவிடக்கூடும். ஒரு மீட்டர் உயர்த்துவதைப் பற்றிப் பேசுகிறவர்கள், தாங்கள் நிற்கும் அளவுகோலே ஓரடி அசையும் என்பதை மறக்கலாகாது.

அடுத்தபடி, அத்தகைய வெள்ளம் எத்தனைக்கொரு முறை வரும் என்ற கேள்வி. நூறாண்டு வெள்ளம் என்று சொல்லும்போது, இன்று வந்தால் இனி நூறு வருஷம் வராது என்று பலர் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். ஒரு குடத்தில் நூறு ஓலைச்சீட்டுகளை இட்டு, அவற்றுள் ஒன்றில் மட்டும் கறுப்புப் புள்ளி வைத்து, ஆண்டுக்கொரு முறை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்து, மறுபடி குடத்திலேயே போட்டுக் குலுக்கிவிடுவதாகக் கொண்டால் உண்மை விளங்கும். சென்ற ஆண்டு கறுப்புச்சீட்டு வந்தது என்பதால் இவ்வாண்டு வராதிருக்க நியாயமில்லை. முப்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் அது கையில் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 26. இருபத்தைந்தாண்டு வெள்ளமானால் அதே முப்பது ஆண்டுகளில் வாய்ப்பு நூற்றுக்கு 70க்கும் மேல். நம் நாட்டில் பயிர்நிலங்களைக் காக்கும் கரைகளுக்கு இருபத்தைந்தாண்டு வெள்ளத்தையும், நகரங்களைக் காக்கும் கரைகளுக்கு நூறாண்டு வெள்ளத்தையும் அடிப்படையாகக் கொள்வது வழக்கம். வயலுக்கு நடுவில் வீடு கட்டிக்கொண்டு, வீட்டுக் கடனை முப்பது ஆண்டுகளில் அடைக்கிறவர் இந்த 70 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைத்துப்பார்க்கலாம்.

ஆனால் குடத்தில் எத்தனை கறுப்புச்சீட்டு என்பது நமக்கு எப்படித் தெரியும்? பல ஆண்டுகளாக வெளிவந்த சீட்டுகளைப் பார்த்து ஊகிக்கிறோம், அவ்வளவே. 1924ஆம் ஆண்டு ஜூலையில் காவிரியில் வந்த பிரவாகம் தென்னாட்டு வெள்ளங்களுள் தலைசிறந்தது. அப்போது மேட்டூர் அணை இல்லை. அது 1934இல்தான் முடிந்தது. அதன்பின் கபினியிலும் ஹேமாவதியிலும் வேறு பல அணைகள் எழுந்தன. ஆகவே 1924இன் சீட்டு எடுக்கப்பட்ட குடம் வேறு, இன்றைய குடம் வேறு. அணைகள் நடுத்தர வெள்ளங்களை விழுங்கிவிடுகின்றன; ஆனால் நிரம்பி நிற்கும் அணைக்குப் பெருவெள்ளத்தை விழுங்க வயிற்றில் இடமிருப்பதில்லை. 120 அடிக்கு நிரம்பிய மேட்டூருக்கு வரும் நீரை வந்தவாறே கீழே அனுப்புவதைத் தவிர வேறு மார்க்கம் கிடையாது. மழையின் சுபாவமும் மாறிவருகிறது. பழைய ஏடுகளை அப்படியே கூட்டிக் கழித்து நூறாண்டு வெள்ளத்தை இத்தனை கன அடி என்று ஒற்றை எண்ணாகச் சொல்வது, என் அபிப்பிராயத்தில், துணிச்சலே. அதன் இருபுறமும் எவ்வளவு தவறலாம் என்று சேர்த்துச் சொல்வதே விஞ்ஞானம்.

இந்த நிச்சயமின்மைக்காகத்தான் கணித்த வெள்ளமட்டத்துக்கு மேலே கொஞ்சம் உயரத்தைச் சும்மா விட்டுவைக்கிறார்கள். மிகையுயரம் என்று அதைச் சொல்லலாம். நொடிக்கு 3,000 கன மீட்டர் வரை, அதாவது சுமார் ஒரு லட்சம் கன அடி வரை, ஓடும் ஆற்றுக்கு ஒன்றரை மீட்டரும், அதற்கு மேற்பட்டதற்கு 1.8 மீட்டரும் இந்தியத் தர நிர்ணயத்தின் விதி. அலைக்கும், கரை அமுங்குவதற்கும், கணக்கின் பிழைக்கும் சேர்த்து அதுவே ஈடு.

இதுவரை உயரத்தைப் பற்றியே பேசினோம். பாமர ஜனங்களும் மந்திரிமார்களும் கரையைப் பற்றி அறிந்த ஒரே குணமும் அதுவேயாகையால், திறப்புவிழாக்களில் அதைப் பற்றியே பேசப்படுகிறது. ஆனால் கரைகள் எல்லாம் உயரக்குறைவால்தான் உடைகின்றன என்பதில்லை. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி கோசி நதியின் கரை நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் உடைத்துக்கொண்டு, பீகாரில் லட்சக்கணக்கானோரை வீடிழக்கச் செய்தது. கோசியின் கதவணையும் அந்தக் கரையும் ஒன்பதரை லட்சம் கன அடி நீருக்காக வகுக்கப்பட்டவை. உடைந்த அன்று ஓடியதோ ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. உச்சிவரை உயரம் மீதியிருக்க, கரை அடியில் அரிக்கப்பட்டு வீழ்ந்தது.

கரை எப்படி உள்ளிருந்து அழிகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வெள்ளக்காலத்தில் ஆற்றுப்பக்கம் நீர் உயர்ந்து நிற்கிறது. ஊர்ப்பக்கம் நிலம் தாழ்ந்திருக்கிறது. மண்ணுக்குள் துளைகள் உண்டாகையால், நீர் கரையின் ஊடேயும் அடியிலும் மெல்லக் கசிந்து ஊர்ப்பக்கத்து அடிவாரத்தில் வெளிப்படும். இதில் மட்டும் ஆபத்தில்லை. கசியாத மண்கரை உலகில் கிடையாது. ஆனால் வெளிப்படும் இடத்தில் நீரின் மேல்நோக்கிய உந்துதல், மணல்துகளின் பாரத்தை மிஞ்சினால், துகள் மிதக்கத் தொடங்குகிறது. ஒரு துகள் போனால் அதன் பின்னிருப்பதற்குத் தாங்கல் இல்லை, அதுவும் போகிறது. நீர் போகும் வழி குறுக, வேகம் கூடுகிறது. வேகம் கூட, மேலும் மணல் பெயர்கிறது. இவ்வாறு ஊர்ப்பக்கத்தில் ஆரம்பித்த சிறுபுரை ஆற்றை நோக்கிப் பின்னாலேயே தோண்டிக்கொண்டு சென்று, ஆற்றைத் தொட்ட நாழிகையில் கரை இடிந்துவிடுகிறது. எலிவளையும் நண்டுவளையும் பட்டுப்போன மரத்தின் வேரும் இந்தப் புரைக்குப் பாதி வேலையை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும்.

ஆகவே இராக்காவல் போகும் கரைக்காவலர் மேலே நீர்மட்டத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. கைவிளக்கோடு ஊர்ப்பக்கத்துச் சரிவின் அடியிலும் நடக்கிறார். ஊற்றுக்கண் தென்பட்டால், குனிந்து அந்த நீரைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். தெளிவாக வந்தால் கசிவு. கலங்கி, மணலைச் சுற்றிலும் வட்டமாகக் கொட்டிக்கொண்டு வந்தால் கரை உள்ளே கரைகிறது. அப்போது பழக்கமில்லாதவர் செய்யும் முதற்காரியம் மூட்டையைப் போட்டு வாயை அடைப்பது. அதைவிடப் பெரிய பிசகு இல்லை, நீர் பக்கத்தில் வேறு வாயைத் திறந்துகொள்ளும். பழக்கமுள்ளவர்கள் ஊற்றைச் சுற்றிலும் மணல்மூட்டைகளைக் கிணற்றுச் சுவர்போல அடுக்கி, நீரை அதற்குள் ஏறவிடுகிறார்கள். உள்ளே நீர் ஏற ஏற, ஆற்றுமட்டத்துக்கும் ஊற்றின் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, உந்துதல் தணிந்து, வரும் நீர் மணலை விட்டுவிட்டுத் தெளிவாக வழியும். ஊற்றை நிறுத்தாமல் அதன் கோபத்தை மட்டும் குறைக்கும் யுக்தி இது.

இந்தச் சாஸ்திரத்தின் பெரும்பகுதி நம் துணைக்கண்டத்து ஆறுகளின் விபத்துகளிலிருந்து கற்றதே. செனாபு நதியில் கான்கி அணை 1895இல் பழுதுற்றபோது, அதன் மணலை ரூர்க்கிக்குக் கொண்டுபோய்க் கிளிபர்ன் என்பவர் குழாய்களில் அடைத்து நீர் விட்டுச் சோதித்தார். 1898இல் கங்கையின் நரோரா அணையும் அடிக்கசிவால் கெட்டது. நீர் நடக்க வேண்டிய வழி எவ்வளவு நீளமோ அவ்வளவு பத்திரம் என்று பிளை என்ற பொறியியலார் 1910இல் ஓர் எளிய விதி வகுத்தார். பின்னர் பஞ்சாபின் கால்வாய்க் கட்டடங்களுக்கு அடியில் குழாய்களைச் செருகி, உண்மையில் அங்கே அழுத்தம் எவ்வளவு என்று கோஸ்லா என்ற பொறியியலார் பார்த்தபோது, பிளையின் விதி சொன்னதும் குழாய் காட்டியதும் ஒத்துவரவில்லை. கிடையாக நடக்கும் நீளமும் செங்குத்தாக இறங்கும் நீளமும் சமமல்ல என்றும், நீர் வெளியேறும் முனையில் உள்ள சரிவே உயிர்நிலை என்றும் 1936இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. இன்றும் கரையை ஆராய்வோர் அதன் அடிவாரத்தில் துளையிட்டுக் குழாய் இறக்கி, உள்ளே நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

இப்படிப் பெற்ற அறிவையெல்லாம் சேர்த்து, இந்த மட்டத்துக்கு நீர் வந்தால் கரை உடையும் வாய்ப்பு இவ்வளவு என்று ஒவ்வொரு மட்டத்துக்கும் குறித்து வரைவதுண்டு. அதை நொய்ம்மைக்கோடு என்று வழங்கலாம். நல்ல கரையின் கோடு உச்சிவரை தரையோடு தரையாகப் படுத்திருந்து, நீர் வழியும் மட்டத்தில் மட்டும் செங்குத்தாக எழும். பழைய கரையின் கோடு பாதியுயரத்திலேயே தலைதூக்கிவிடும். அத்தகைய கரையின்மேல் ஒரு மீட்டர் மண்ணைக் கொட்டினால் உயரம் கூடும், பாரம் கூடும், தாங்க வேண்டிய நீரழுத்தமும் கூடும். உடையும் வாய்ப்பு குறையவே குறையாது. அதே பணத்தைக் கரையின் உட்புறம் களிமண் திரையிடவும், ஊர்ப்பக்கத்து அடிவாரத்தில் அகன்ற மண்திண்ணை போடவும் செலவிட்டால், கரை உயராமலே பத்திரம் இரட்டிப்பாகலாம். ஆனால் திறப்புவிழாவுக்குக் காட்ட அதில் ஒன்றும் இராது.

கொள்ளிடத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடியளவு நீர் வந்தபோது, திருச்சியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த 1928ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 22ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துச்செல்லப்பட்டன. பல ஆண்டுகளாக மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்துபோனதே காரணம் என்று பலரும் அப்போது சொன்னார்கள். படுகை தாழ்ந்தால், அதே வெள்ளம் முன்னைவிடத் தாழ்ந்த மட்டத்தில் ஓடும். அளவுகம்பத்தைப் பார்ப்பவர் வெள்ளம் அடங்கிவிட்டது என்று மகிழ்வார். கரையின் உயரம் போதும் என்று ஏட்டிலும் எழுதுவார். அதே சமயத்தில் தூணின் காலும் கரையின் அடியும் பிடிமானமின்றி அந்தரத்தில் நிற்கும். உயரத்தின் கணக்கில் லாபமாகவும், உறுதியின் கணக்கில் நஷ்டமாகவும் ஒரே காரியம் பதிவாகிறது. முதற்கணக்கை மட்டும் பார்க்கும் மதிப்பீடு விபரீதமான முடிவுக்கே வரும்.

கடைசியாக, தடுக்கப்பட்ட நீர் எங்கே போகிறது? கொள்ளிடத்தின் தென்கரையில் தஞ்சை மாவட்டமும், வடகரையில் அரியலூர், கடலூர் மாவட்டங்களும் இருக்கின்றன. தென்கரையை மட்டும் உயர்த்தினால், அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதி வடகரைக்காரரின் வயலிலிருந்து கடன் வாங்கியதாகும். இரண்டையும் உயர்த்தினால், இங்கே வழிந்து தேங்கியிருக்கக்கூடிய நீர் உச்சம் குன்றாமல் கீழே சென்று, கடலேற்றத்தோடு மோதும் முகத்துவாரத்தில் மட்டத்தை உயர்த்தும். ஆகவே ஒரு கரையைத் தனியாக மதிப்பிடுவது, தராசின் ஒரு தட்டை மட்டும் பார்ப்பதாகிவிடும். முக்கொம்பு முதல் பழையாறு வரை இரு கரைகளையும் ஒரே கணக்கில் வைத்தாலன்றி உண்மை புலப்படாது. நெதர்லாந்து தேசத்தார், பல நூற்றாண்டுகள் கரையை உயர்த்தியே வாழ்ந்தவர்கள், இந்த நூற்றாண்டில் ஆற்றுக்கு இடம் விடும் திட்டமொன்றை மேற்கொண்டு, நைமேகன் நகருக்கெதிரே கரையைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். அகலம் கூடினால் மட்டம் தாழும். மட்டம் தாழ்ந்தால் கசிவு, வழிவு, அரிப்பு மூன்றுமே ஒருங்கே தணியும்.

அந்தத் தேசத்தாரே கரையின் உயரத்துக்குப் பணக்கணக்கையும் முதலில் ஒழுங்காகப் போட்டார்கள். 1953இல் வடகடல் பொங்கி 1,836 பேர் மாண்டபின், வான் டான்ட்சிக் என்ற கணிதர் 1956இல் ஒரு முறையை வகுத்தார். ஒவ்வொரு மட்டத்து வெள்ளத்தாலும் விளையும் சேதத்தை, அது வருவதற்குள்ள வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் ஆண்டுச் சராசரிச் சேதம் கிடைக்கும். கரையை உயர்த்த உயர்த்த அது குறையும், செலவோ கூடும். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைந்திருக்கும் உயரமே தகுந்த உயரம். நேர்த்தியான யோசனை. நம் நாட்டிலும் வெள்ளத் தடுப்புப் பணிக்கு, நன்மை செலவை மிஞ்ச வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் சேதத்தைப் பணத்தால் அளக்கும்போது, வெள்ளத்தில் நனைந்த ஒரு மோட்டார் வாகனக் கடை, இடிந்துபோன நூறு குடிசைகளைவிடக் கனமாக நிறுக்கும். தவிர, கரை உயர்ந்ததைக் கண்டு அதன் மறைவில் புதிதாக வீடுகள் எழுந்துவிடுகின்றன. உடைப்பின் வாய்ப்பு பாதியாகக் குறைந்து, உடைந்தால் விளையும் சேதம் மும்மடங்கானால், ஆண்டுச் சராசரிச் சேதம் உண்மையில் ஒன்றரை மடங்காகும். கரைக்குப் பின்னால் ஜனங்கள் துணிவதைப் பற்றி அமெரிக்கப் புவியியலார் கில்பர்ட் ஒயிட் 1940களிலேயே எச்சரித்தார். ஈஜிபுராவில் காலுவைச் சுவரின் மறைவில் கீழ்த்தள வாடகை ஏறிக்கொண்டேயிருப்பதைப் பார்த்தவர்க்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை கணக்கிலும் சேராத சிலரும் இருக்கிறார்கள். நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் ஆகிய ஊர்கள் கொள்ளிடத்தின் இரு கரைகளுக்கும் நடுவே, ஆற்றின் திட்டுகளிலேயே இருக்கின்றன. 2018, 2022, 2024 என்று முக்கொம்பில் நீர் பெருகித் திறக்கப்படும்போதெல்லாம் அங்குள்ளவர்கள் ஆடுமாடுகளோடு கரையேறி முகாம்களில் தங்குகிறார்கள். கரைகள் உறுதியாக உறுதியாக, வெள்ளம் அவற்றுக்கு நடுவே முழு உயரத்தோடு நிற்கும். பிறருக்கு லாபமாக எழுதப்படும் ஒவ்வொரு அடியும் அவர்கள் வீட்டுச் சுவரில் ஈரக்கோடாக ஏறும். யோலோவில் நிலத்தின்மேல் வெள்ளத்தை விடும் உரிமையை அரசு உரிய பத்திரங்களால் பெற்று வைத்திருக்கிறது. நிலத்தில் நெல் விளைவிக்கலாம், ஆனால் நீர் வரும்போது அதற்கு வழிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். கொள்ளிடக் கரையைப் பலப்படுத்தும் மதிப்பீட்டில் மண்ணுக்கும் கல்லுக்கும் அடுத்த வரியாக, திட்டுகளிலுள்ள குடும்பங்களுக்கு மேட்டுநிலமும் ஆண்டுதோறும் மூழ்கும் விளைச்சலுக்கு நஷ்டஈடும் செலவாகவே எழுதப்பட வேண்டும். அதையும் கூட்டியபின் நன்மை மிஞ்சினால் அந்தக் கரையை எழுப்பலாம்.